ஒழுக்கத்தின் வழிகாட்டி ஆன்மிகமா, பகுத்தறிவா?

(மகாவீரர் பிறந்தநாள் விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

அருகன் திருவடி போற்றி!

 

பகவான் மகாவீரர் பிறந்த இத்திருநாளில் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்பெற்ற பொருள், சமண இல்லங்கள் பலவற்றில் இன்று எழுந்துகொண்டிருக்கும் ஒரு வினாவாகும். தனிமனிதனின் நடத்தையை நெறிப்படுத்துவதில் மேம்பட்டது ஆன்மிகமா, பகுத்தறிவா என்பதே அவ்வினா.

வந்தவாசி, செய்யாறு, ஆரணி, செஞ்சி, திண்டிவனம் ஆகிய வட்டாரங்களின் சமணச் சிற்றூர்களில் கதிரவன் மேற்கே சாயும் நேரம் அடுப்பு அணையும் நேரமாகும். "பொழுது போவதற்குள் வந்து உண்டுவிடு, கண்ணு" என்று பாட்டியார் அழைப்பார். விடுமுறைக்கு ஊர் வந்திருக்கும் பேரன், "மின்விளக்குப் பகல்போல் எரிகின்றதே, பாட்டி! இன்னும் ஏன் இந்தக் கட்டுப்பாடு?" என்று கேட்பான். "பெரியோர் சொன்னதை எதிர்த்துக் கேட்கக்கூடாது" என்பதே பல வீடுகளில் அவனுக்குக் கிடைக்கும் விடை. அன்று அவன் பேசாமல் உண்டு எழுவான். நகரத்திற்குத் திரும்பிய மறுநாளே இரவு பத்து மணிக்கு உண்ணத் தொடங்குவான்.

இக்காட்சியில் பாட்டியார் பக்கம் ஆன்மிகமும் பேரன் பக்கம் பகுத்தறிவும் நிற்பனபோலத் தோன்றும். உண்மையில் இருவரிடத்தும் ஒவ்வொரு குறை உண்டு. பாட்டியார் நோன்பைக் காத்தார். அதன் காரணத்தை இழந்துவிட்டார். பேரன் வினாவைத் தொடங்கினான். அதனை இறுதிவரை கொண்டு செல்லவில்லை. முன்னோர் இவ்விரண்டையும் எவ்வாறு இணைத்தனர் என்று காண்பதே இவ்வுரையின் நோக்கம்.

வாயிலில் நிற்கும் பகுத்தறிவு

நற்காட்சி, நன்ஞானம், நல்லொழுக்கம் என்னும் மும்மணிகளே வீட்டு நெறி என்பது சமணம் கூறும் அடிப்படை. இம்மூன்றனுள் முதலில் நிற்பது நற்காட்சி. அதனை வெறும் நம்பிக்கை என்று பொருள் கொள்வோர் உளர். ஆனால் நற்காட்சிக்கு முன்னோர் வகுத்த எட்டு உறுப்புகளைக் கருதினால் அவ்வாறு கூற இயலாது. ஐயமின்மை அவ்வெட்டனுள் ஒன்று, மூடமின்மையும் ஒன்று. ஐயமின்றி நிற்க வேண்டும் என்று கூறிய அதே வாய், மூடனாக நிற்கக் கூடாது என்றும் கூறியது. ஆராயாமல் ஏற்பது ஐயமின்மை ஆகாது. ஆராய்ந்து தெளிந்தபின் தடுமாறாமல் நிற்பதே ஐயமின்மை.

சமந்தபத்திர ஆசாரியர் வடமொழியில் இயற்றிய இரத்தினகரண்டக சிராவகாசாரமும், அதன் வழியில் தமிழில் குறள் வெண்பாவால் அமைந்த அருங்கலச்செப்பும் மூன்று மூடங்களை விலக்குமாறு இல்லறத்தார்க்கு அறிவுறுத்துகின்றன. ஆற்றிலும் கடலிலும் மூழ்குவதாலும், மணலையும் கல்லையும் குவிப்பதாலும், மலையினின்று வீழ்வதாலும், தீயில் புகுவதாலும் அறம் கிடைக்கும் என எண்ணுவது உலக மூடம். வரம் பெறும் ஆசையால் விருப்பு வெறுப்புடைய தெய்வங்களை வழிபடுவது தேவ மூடம். பற்றையும் உடைமையையும் விடாதவரைத் துறவியெனப் போற்றுவது பாசண்டி மூடம். பிற்காலத்துப் பகுத்தறிவாளர் எழுப்பிய கண்டனங்களுள் பலவற்றை, அறநூலொன்று தன் முதற்பகுதியிலேயே தன்னைப் பின்பற்றுவோர்க்குக் கூறியிருப்பது எண்ணத்தக்கது.

சமந்தபத்திரர் இன்னும் ஒருபடி மேலே சென்றார். ஆப்தமீமாஞ்சை என்னும் தம் நூலில் அவர் அருகனையே ஆராய்ச்சிக்கு உட்படுத்தினார். தேவர்கள் வந்து வணங்குவதும், வானில் உலவுவதும், சாமரம் வீசப்பெறுவதும் ஒருவரைப் பெரியவராக ஏற்றுக்கொள்ளப் போதிய சான்றுகள் அல்ல, மாயவித்தை செய்வோரிடத்தும் அவை காணப்படும் என்பது அந்நூலின் தொடக்கக் கருத்து. குற்றமற்ற தன்மையும், அறிவுக்கும் ஆகமத்துக்கும் முரணாத சொல்லுமே அருகனை ஏற்கச் செய்கின்றன என்று அவர் நிறுவினார். அந்நூலுக்கு உரை கண்ட அகளங்கரைக் கரந்தை, திருப்பறம்பூர் மக்கள் இன்றும் நினைவில் வைத்துப் போற்றுகின்றனர். இறைவனையே ஆராய்ந்து ஏற்றுக்கொண்ட மரபில், பேரன் கேட்ட வினா குற்றமாகாது.

மாக்கோழியின் பாடம்

அவ்வாறாயின் பகுத்தறிவு ஒன்றே போதாதா? போதாது என்பதற்கு யசோதர காவியம் ஒரு கதை கூறுகின்றது.

உஞ்சை நகரத்து மன்னன் யசோதரன். தன் மனைவி நெறி தவறியதை அவன் கண்ணால் கண்டான். மனம் கலங்கிய அவன், உண்மையை மறைத்துத் தீக்கனவு கண்டதாகத் தாய் சந்திரமதியிடம் கூறினான். கனவின் தீமை நீங்க உயிர்ப்பலி கொடுக்குமாறு தாய் வற்புறுத்தினாள். கொல்லாமை அறிந்தவனாகிய மன்னன் மறுத்தான். உயிருள்ள கோழி வேண்டாம், மாவினால் செய்த கோழியைப் பலியிடலாம் என்று தாய் வழி கூறினாள். மன்னன் இணங்கி, மாக்கோழியை வாளால் வெட்டினான்.

அவன் இசைந்ததில் பகுத்தறிவு இல்லாமல் இல்லை. மாவுக்கு உயிரில்லை, உயிரில்லாததை வெட்டுவது கொலையாகாது, தாயின் சொல்லும் காக்கப்படும், அறமும் கெடாது. கணக்கு சரியாகவே உள்ளது. ஆயினும் அச்செயலின் பயனாகத் தாயும் மகனும் மயிலாகவும் நாயாகவும் மேலும் பல விலங்குகளாகவும் பிறந்து துன்புற்றனர் என்கிறது காவியம். வாள் மாவின்மேல் விழுந்தது. வாளை ஓங்கிய மனமோ கோழியை வெட்டுவதாகவே எண்ணியது. செயலுக்கு முன்பே கொலை எண்ணத்தில் நிகழ்ந்துவிட்டது.

மறுபிறப்பை ஏற்காதவரும் இக்கதையில் ஓர் உண்மையைக் காணலாம். யசோதரனின் அறிவு அவனை வழிநடத்தவில்லை. அவனுடைய அச்சம் முன்னரே முடிவு செய்துவிட்டது. அறிவு அம்முடிவுக்குக் காரணம் தேடிக் கொடுத்தது. வழக்காடுபவர் தம் கட்சிக்காரர்க்குச் சார்பான சட்டத்தைத் தேடுவதுபோல, ஆசைக்கும் அச்சத்துக்கும் சார்பான காரணத்தை அறிவு தேடித் தரும். வரவு செலவுக் கணக்கைத் திருத்தி எழுதும் வணிகரும், ஒப்பந்தத்தின் ஓட்டை வழியே தப்புபவரும் மூடர் அல்லர், கூரிய அறிவுடையவரே. ஒழுக்கத்திற்கு அறிவுக்கூர்மை மட்டும் போதுமாயின், கற்றவர் தவறு செய்ய மாட்டார் என்றாகும். உலகியல் அவ்வாறில்லை.

மண்ணுருவின் பாடம்

இதற்கு இணையாக வைத்து எண்ண வேண்டிய மற்றொரு நிகழ்ச்சி நீலகேசியில் உள்ளது. சமயதிவாகர வாமன முனிவரின் உரையுடன் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936ஆம் ஆண்டில் பதிப்பித்த அருமை நூல் அது.

பாஞ்சால நாட்டில் சுடுகாட்டை அடுத்த காளி கோயிலுக்கு உயிர்ப்பலியிட மக்கள் வந்தனர். அங்குத் தங்கியிருந்த முனிச்சந்திரர், விலங்குகளைக் கொல்லாது, மண்ணால் செய்த உருவங்களைப் படைத்துச் செல்லுமாறு அவர்களுக்கு அறிவுரை கூறினார். மக்கள் அவ்வாறே செய்தனர். சினங்கொண்ட காளி, பழையனூர் நீலியின் உதவியை நாடினாள். நீலி வந்து முனிவரை அச்சுறுத்தினாள். அழகிய பெண்ணாக வந்து மயக்கவும் முயன்றாள். முனிவர் அசையவில்லை. அந்த அசையாமையைக் கண்டு நீலி மனம் மாறி, அவரிடம் அறம் கேட்டு, நீலகேசியானாள்.

அங்கே மாவுரு, இங்கே மண்ணுரு. வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒரே செயல். உயிருள்ளதற்கு ஈடாக உயிரற்றது வைக்கப்படுகின்றது. ஆயினும் ஒன்று பாவமாகவும் மற்றொன்று அறமாகவும் கூறப்படுவது ஏன்? யசோதரன் கொல்லாமையில் நின்றவன். மாக்கோழி அவனைக் கொலையை நோக்கி ஓரடி இறக்கியது. கோயிலுக்கு வந்த மக்கள் கொலைக்குப் பழகியவர்கள். மண்ணுரு அவர்களைக் கொல்லாமையை நோக்கி ஓரடி ஏற்றியது. செயலின் வடிவத்தை மட்டும் அளக்கும் அறிவு இவ்வேறுபாட்டைக் காணாது. மனம் எத்திசையில் நகர்கின்றது என்று காண்பதே நற்காட்சி.

நீலகேசியின் வரலாற்றில் மற்றொரு முறையும் உண்டு. குண்டலகேசி முதலிய பௌத்தர்களோடும், ஆசீவகம், சாங்கியம், வைசேடிகம், வேதவாதம், பூதவாதம் ஆகிய கொள்கையினரோடும் அவள் வாதிட்டாள். நூலின் பத்துச் சருக்கங்களுள் ஒன்பது இவ்வாதங்களே. ஆயினும் முனிவரின் ஒழுக்கம் அவளைத் திருத்திய பின்னரே அவளுடைய அறிவு வாதுக்குப் புறப்பட்டது. வாதத்தால் எவரும் அவளைத் திருத்தவில்லை. வாழ்ந்து காட்டிய ஒருவரே திருத்தினார். பிள்ளைகளுக்கு அறம் கற்பிக்க விரும்புவோர் இதனை நெஞ்சிற் கொள்வது நன்று.

கவுந்தியடிகள் காட்டிய வழி

நோக்கம் ஆன்மிகத்தினின்று பிறக்க வேண்டும். அதனை நடைமுறைப்படுத்தும் வழியை அறிவு காண வேண்டும். இவ்விணைப்பிற்குச் சிலப்பதிகாரத்தின் நாடுகாண் காதை தெளிவான எடுத்துக்காட்டு.

கோவலனும் கண்ணகியும் மதுரைக்குச் செல்லுங்கால் கவுந்தியடிகள் துணையாகின்றார். கொல்லாமை காக்க வேண்டும் என்று பொதுவாகக் கூறி அவர் நிறுத்தவில்லை. தோட்டத்து வழியே சென்றால் கிழங்கு அகழ்ந்த குழிகளை உதிர்ந்த பூக்கள் மூடியிருக்கும் என்கிறார். வயல் வழியே சென்றால் கரும்பில் கட்டிய தேனடை சிதைந்து பொய்கை நீரில் கலந்திருக்கும். வேட்கை மிக்க கண்ணகி அறியாது அந்நீரை அள்ளிப் பருகிவிடக் கூடும் என்கிறார். களை எடுப்போர் வரப்பில் இட்ட பூக்களில் வண்டுகள் இருக்கும். நடக்கும் களைப்பில் அவற்றின்மேல் அடிவைக்க நேரும் என்கிறார். வாய்க்கால் கரையில் நண்டும் நத்தையும் மிதிபடக் கூடும் என்கிறார்.

பருவம் அறிந்து, நிலம் அறிந்து, உடன் வருவோரின் களைப்பும் அறிந்து கூறப்பட்ட அறிவுரை இது. அருள் இல்லாதவர்க்கு நத்தை கண்ணில் படாது. அறிவு இல்லாதவர்க்கு நத்தை எங்கே இருக்கும் என்பது தெரியாது. இரண்டும் ஒருங்கே உள்ளவரின் கால்தான் நத்தையை மிதிக்காது.

அதே காதையில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. கோவலனையும் கண்ணகியையும் இழிவாகப் பேசிய இருவரைக் கவுந்தியடிகள் நரிகளாகுமாறு சபித்துவிடுகின்றார். நண்டுக்கும் நத்தைக்கும் இரங்கிய நெஞ்சில் சினம் ஒரு நொடியில் புகுந்துவிட்டது. கோவலனும் கண்ணகியும் அவ்விருவர்க்காக வேண்டியபின், சாபத்திற்குப் பன்னிரண்டு திங்கள் எல்லை வகுக்கப்படுகின்றது. நெடுங்காலம் நோன்பு நோற்றவரையும் சினம் வெல்லும் என்பதனை இளங்கோவடிகள் மறைக்கவில்லை. காலடியைக் காப்பதினும் நாவைக் காப்பது அரிது.

வடிகட்டிய நீரும் அந்திப் பொழுதும்

இனி அன்றாட வழக்கங்கள் இரண்டை எண்ணலாம். நீரைத் துணியால் வடிகட்டியே பயன்படுத்த வேண்டும் என்பது சமண இல்லறத்தாரின் தொன்மையான வழக்கம். ஒரு துளி நீரில் நுண்ணுயிர்கள் உலவுவதை உருப்பெருக்கியின் வழியே லீவன்ஹூக் கண்டது பதினேழாம் நூற்றாண்டில்தான். இதனைச் சுட்டி, சமணம் அன்றே அறிவியல் கூறியது என்று மேடைகளில் பெருமை பேசுவது உண்டு. அப்பெருமை முழுமையானதன்று. உடல்நலத்திற்காக வடிகட்டுபவர், துணியில் தங்கியதைக் கழிவென்று வீசுவார். சமண மரபோ, துணியில் தங்கிய உயிர்களை எடுத்த நீர்நிலையிலேயே மீண்டும் சேர்க்குமாறு கூறுகின்றது. குடிப்பவரின் நலம் கருதி எழுந்த வழக்கமாயின் இந்த இரண்டாம் பகுதிக்குத் தேவையே இல்லை. நீரிலுள்ள உயிரின் நலம் கருதி எழுந்ததால்தான் அது உள்ளது. அறிவியல் சான்று தருவதால் மட்டும் ஒரு நோன்பைக் கொள்பவர், நாளை வேறொரு கருவி நீரைத் தூய்மை செய்யுமாயின் அந்நோன்பைக் கைவிடுவார்.

இரவுணவு விலக்கலும் அத்தகையதே. எண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியில் உணவில் விழும் பூச்சிகள் தெரியா என்பது முன்னோர் கூறிய காரணங்களுள் ஒன்று. மின்விளக்கு பூச்சிகளை மேலும் ஈர்க்கும் என்பதை மழைக்காலத்து ஈசல் பார்த்தவர் அறிவர். ஆயினும் வலையடித்த சாளரங்களையுடைய நகரத்து அடுக்ககத்தில் அக்காரணம் ஓரளவு வலுக்குறைகின்றது என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மை. இல்லாத காரணங்களைப் புனைந்து கூறுவதினும் இது மேலானது.

அக்காரணம் வலுக்குறைந்தாலும் மற்றொன்று எஞ்சி நிற்கின்றது. வேண்டும்போதெல்லாம் வேண்டியதை நுகர்வேன் என்னும் மனத்திற்கு நாள்தோறும் ஓர் எல்லையிடுவது அந்நோன்பு. உலகின் பெருந்துன்பங்கள் பலவும் எல்லையறியாத நுகர்ச்சியினின்று பிறக்கும் இக்காலத்தில், அவ்வெல்லையின் தேவை முன்னினும் மிகுந்துள்ளது.

இரவுப் பணியில் அமர்ந்த இளையோர் என்செய்வர் என்று கேட்கலாம். இல்லறத்தார்க்கு ஒரே நாளில் எல்லா நோன்பும் விதிக்கப்படவில்லை. பதினொரு படிநிலைகள் வகுக்கப்பட்டுள்ளன. இரத்தினகரண்டகம் இரவுணவு துறத்தலை அவற்றுள் ஆறாம் படியில் முழுநோன்பாக வைத்துள்ளது. ஆற்றலுக்கேற்ப ஏறுமாறு படி அமைத்ததே அறிவின் செயல்தான். வாரத்தில் இயன்ற நாட்களில் தொடங்குபவரைப் பழிப்பதினும், அந்த அளவிற்கேனும் தொடங்கியதைப் போற்றுவது முறை.

பெரியோர்க்கும் சில சொற்கள்

இளையோரிடம் காரணம் கூறுவதோடு பெரியோரின் கடமை முடிந்துவிடுவதில்லை. பகலில் உண்டு, நீரை வடிகட்டி, ஆலயத்தில் அபிடேகம் கண்டு வாழும் ஒருவர், உடன்பிறந்தவரோடு வரப்புத் தகராறில் பல்லாண்டு பேசாமல் இருக்கின்றார் என்றால், பேரனின் கண் முதலில் அதனைத்தான் காணும்.

அணுவிரதங்களுக்கு ஆசாரியர்கள் வகுத்த குற்றங்களை மீண்டும் படிப்பது நல்லது. கொல்லாமை நோன்பின் குற்றங்கள் ஐந்து: உயிர்களைக் கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகைப்பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் உரிய நேரத்தில் கொடாமை. வேலையாளிடம் அளவுக்கு மீறி வேலை வாங்குவதும், அவர் உண்ணும் நேரத்தை மறுப்பதும் இவற்றோடு வைத்து எண்ணத்தக்கவை. கள்ளாமை நோன்பின் குற்றங்களுள் பொய்யளவும் கலப்படமும் திருட்டுப்பொருள் வாங்குவதும் அடங்கும்.

வாய்மை நோன்பின் குற்றங்களுள் ஒன்று மிக நுட்பமானது. ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளின் அளவை மறந்து, குறைத்துக் கேட்கின்றார் என்று கொள்க. பெற்றவர், "ஆம், அவ்வளவுதான்" என்று கூறிக் கேட்டதை மட்டும் திருப்பித் தருகின்றார். கேட்டதைக் கொடுத்துவிட்டேன் என்று அறிவு வாதிடும், கேட்டவரும் மகிழ்ந்து செல்வார், சான்றும் இருக்காது. ஆயினும் அதனைக் குற்றம் என்று முன்னோர் எழுதி வைத்தனர். எவரும் அறியாத இடத்தில் மனிதனைத் தடுத்து நிறுத்துவது எது? தண்டனை இல்லை, பழி இல்லை, இழப்பும் இல்லை. தன் உயிரின் தூய்மையை மதிக்கும் நற்காட்சி ஒன்றே அவ்விடத்தில் துணை.

இரு உரைகல்கள்

இதுகாறும் கண்டவற்றினின்று இரண்டு உரைகல்களைப் பெறலாம். ஒரு நோன்பை விடுவதற்குப் பகுத்தறிவு காரணம் கூறும்போது, அக்காரணத்தால் யார்க்கு வசதி என்று கேட்க வேண்டும். பிற உயிர்க்கு நன்மையாயின் அது உண்மையான பகுத்தறிவு. தன் நாவுக்கும் பணப்பைக்கும் மட்டுமே வசதியாயின், அது மாக்கோழியை வெட்டிய யசோதரனின் அறிவு. அவ்வாறே ஒரு வழிபாட்டையோ வழக்கத்தையோ ஆன்மிகம் என்று பற்றும்போது, அதனால் சினமும் செருக்கும் வஞ்சமும் பேராசையும் சிறிதேனும் குறைந்தனவா என்று கேட்க வேண்டும். குறைந்திருந்தால் அது ஆன்மிகம். குறையாவிட்டால் அது மூடம்.

ஆகவே, நெறியைத் தேர்ந்தெடுக்கும் வரை பகுத்தறிவே முன்செல்ல வேண்டும். தேர்ந்த நெறியினின்று விலக ஆசை தூண்டும்போது, ஆன்மிகம் அறிவின் வாதத்தை நிறுத்திக் காலை உறுதியாக ஊன்றச் செய்ய வேண்டும். அவ்விரண்டும் தத்தம் இடத்தில் நிற்கும்போதே ஒழுக்கம் நிலைபெறும்.

தொடக்கத்தில் கண்ட சிற்றூர் வீட்டுக்கு மீண்டும் செல்லலாம். பேரன் அதே வினாவைக் கேட்கின்றான். இம்முறை பாட்டியார், "நல்ல கேள்வி, உட்கார்" என்கிறார். பூச்சி விழும் என்பதையும் கூறுகின்றார். இக்காலத்தில் அது குறையலாம் என்பதையும் மறைக்காது கூறுகின்றார். பிறகு, "ஆசை கேட்கும்போதெல்லாம் கொடுத்துவிட்டால் அதற்கு நிறுத்தமே இல்லை, கண்ணு. நாளுக்கு ஒருமுறை 'போதும்' என்று சொல்லிப் பழகுகிறேன். உனக்கு எத்தனை நாள் முடியுமோ, அத்தனை நாள் நீயும் சொல்லிப் பார்" என்கிறார். நகரத்திற்குத் திரும்பும் அப்பேரன் எல்லா நாளும் அதனைக் காப்பான் என்று உறுதி கூற இயலாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமையேனும் மாலைப் பொழுதில் சாளரத்தின் வழியே வெயிலைப் பார்ப்பான். பாட்டியாரின் சொல்லை நினைப்பான். தானே முடிவு செய்வான். அவ்வாறு தானே முடிவு செய்யும் ஒரு பிள்ளையை ஒவ்வொரு இல்லமும் உருவாக்குவதே பகவான் மகாவீரரின் பிறந்தநாளுக்குச் செய்யும் தக்க வழிபாடு.

வாழ்க அறநெறி! வளர்க கொல்லாமை!